மேஸ்திரி பேட்ஜைக் கழற்றி வைக்கச் சொல்கிறார், என்ன செய்வது?

கடிதம் எழுதியவர் 31 வயது ஃபிட்டர். கான்ட்ராக்டர் மூலமாக ஓர் அணுமின் நிலையத்தின் ஷட்டவுன் வேலைக்கு (உலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) இரண்டாவது முறையாகப் போயிருக்கிறார். வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, நான்கு மாதக் கர்ப்பிணியான மனைவி. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

வால்வு, பம்ப் பழுதுபார்க்கும் வேலை. கவரால் (முழு உடம்பையும் மூடும் உடை), இரண்டு ஜோடி கையுறை, ஷூ கவர், முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். உள்ளே போகும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, வெளியே வரும்போதுதான் குழப்பம் என்கிறார். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். புழுக்கம் தாங்காமல் பலர் முகக்கவசத்தை முதலில் இழுத்துப் போட்டுவிட்டு, போட்டிருக்கும் கையுறையோடே முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். "சீக்கிரம் கழட்டுங்கப்பா, அடுத்த பேட்ச் நிக்குது" என்று மேஸ்திரி விரட்டுகிறார். உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸை, பதிவு செய்யும் பேட்ஜை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆனால் அதே மேஸ்திரி மூன்று நாள், "பேட்ஜை ரேக்கிலேயே வெச்சிட்டுப் போ. டோஸ் ஏறிட்டா அடுத்த வாரம் உனக்கு வேலை இல்லை" என்று சொல்லியிருக்கிறார். இவரும் அப்படியே செய்திருக்கிறார். அந்த மூன்று நாளும் கூட வேலை செய்தவரின் டோசிமீட்டர் (டோஸை உடனுக்குடன் காட்டும் கருவி) நாளுக்குச் சுமார் 0.4 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு) காட்டியதாம்.

ஒருநாள் வாசலில், உடம்பில் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மானிட்டர் அலறியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வைத்து, மறுபடி பார்த்து, "ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களோ என்று அன்றிலிருந்து சந்தேகம். இதற்கிடையில் மனைவி, பிரேசிலில் கதிரியக்கப் பொடியால் ஒரு குடும்பமே பாதிக்கப்பட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டு முறை குளித்தால்தான் குழந்தையைத் தொட விடுகிறார். போன ஷட்டவுனில் பேட்ஜ் கணக்குப்படி வந்தது 2.1 மில்லிசீவர்ட்தான். "அப்படியென்றால் நான் பத்திரம்தானே? வீட்டுக்கு எதையாவது கொண்டு வருகிறேனா? புகார் சொன்னால் பிழைப்பு போகும். நான் என்ன செய்யட்டும்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பல பயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிலவற்றை நீங்கள் இன்றைக்கே விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் பெரிதாக நினைக்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பேட்ஜை ரேக்கில் விட்டுவிட்டுப் போனீர்களே, அதுதான் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

பட்டதும் ஒட்டியதும்

கதிர்வீச்சு உடம்பில் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் உடம்பில் ஒட்டுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

வால்வுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதிலிருந்து வரும் காமா கதிர் உங்கள் உடம்பின் வழியாகப் போகிறது. பேட்ஜில் பதிவாவது அதுதான். நீங்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் அது நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவரின் உடம்பிலிருந்து கதிர் வருமா? வராது. அதே மாதிரிதான் இதுவும். 2.1 மில்லிசீவர்ட் வாங்கிய அப்பாவின் மடியில் உட்கார்ந்தால் குழந்தைக்கு எதுவும் ஆகாது.

ஒட்டுவது என்பது தூசியும் ஈரமும் சம்பந்தப்பட்டது. அணு உலையின் குழாய்களிலும் வால்வுகளிலும் உலோகம் மெல்ல அரித்துக் கரைகிறது. அது உலைக்குள் சுற்றும்போது நியூட்ரான் பட்டு, கோபால்ட்-60 போன்ற கதிரியக்கப் பொருளாக மாறி, வால்வின் உள்பக்கத்தில் மெல்லிய படிவாகப் படிகிறது. நீங்கள் வால்வைத் திறக்கும்போது கையுறையில் ஒட்டுவது இந்தப் படிவுதான். கோபால்ட்-60 பாதியாகக் குறையவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் உங்கள் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வந்தால் அது தானாகப் போகாது. மூச்சிலோ வாயிலோ போனால் உள்ளேயிருந்து கதிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் மனைவி பார்த்த வீடியோ 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் நடந்தது. கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து புற்றுநோய் சிகிச்சைக் கருவியின் பாகத்தைக் கழற்றி, அதற்குள் இருந்த சீசியம்-137 பொடியை என்னவென்று தெரியாமலே வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 249 பேருக்குக் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தது, நான்கு பேர் இறந்தார்கள். அவர் பயந்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அங்கே அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. அழுக்கான பகுதியையும் சுத்தமான பகுதியையும் பிரிக்கும் தடுப்புக் கோடு கிடையாது, மானிட்டர் கிடையாது, உடை மாற்றும் இடமும் கிடையாது. உங்கள் இடத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. அவற்றை முறையாகப் பயன்படுத்தினால்தான் அந்த வித்தியாசம் நிற்கும். ஆகவே உங்கள் குழந்தையின் பாதுகாப்பு வீட்டுக் குளியலறையில் இல்லை. நிலையத்தில் கவராலைக் கழற்றும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

கழற்றும் வரிசை

மஞ்சள் அரைத்த கையோடு வேட்டியை அவிழ்த்தால் வேட்டியெல்லாம் மஞ்சள் ஆகும். இங்கே ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். அதிகம் அழுக்கானது முதலில் கழல வேண்டும். வெளிப்பக்கத்தைத் தொட்ட கை உள்பக்கத்தைத் தொடக் கூடாது. எந்த நிலையத்துக்குப் போனாலும் கழற்றும் முறைக்கு அடிப்படை இந்த இரண்டும்தான்.

பொதுவாக வரிசை இப்படிப் போகும். தடுப்புக் கோட்டுக்கு உள்பக்கம் நின்றபடியே மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சுற்றிய டேப்பைப் பிரிக்க வேண்டும். அடுத்து வெளி ஷூ கவர் அல்லது ரப்பர் ஷூ. பிறகு வெளிக் கையுறை. அதை விரல் நுனியைப் பிடித்து இழுக்காமல், மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து உள்வெளியாகப் புரட்டி எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். இப்போது உள் கையுறை மட்டும் இருக்கும். அதோடு தலை மூடியை முன்னாலிருந்து பின்னால் தள்ளிக் கழற்ற வேண்டும். கவராலைத் தோளிலிருந்து இறக்கி, உள்பக்கத்தை மட்டும் பிடித்து, வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி சுருட்டியபடி காலுக்குக் கொண்டுவர வேண்டும். உதறவே கூடாது. பிறகு உள் ஷூ கவரை ஒரு காலில் கழற்றி, அந்தக் காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சுத்தமான இடத்தில் வைக்க வேண்டும். அப்புறம் அடுத்த கால். ஷூ கவர் கழற்றிய காலை மறுபடி இந்தப் பக்கம் வைத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண். கடைசியாக உள் கையுறை.

முகக்கவசத்தை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். கவராலுக்கு முன்பே எடுக்கச் சொல்லும் இடங்களும் உண்டு, கவரால் பைக்குள் போன பிறகுதான் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் வாசலில் ஒட்டியிருக்கும் பலகை என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் வெளிக் கையுறை கையில் இருக்கும்போதே முகக்கவசத்தைத் தொடுவதை எந்தப் பலகையும் அனுமதிக்காது. உங்கள் கூட்டாளிகள் செய்வது அதைத்தான். வால்வைத் திறந்த கையை மூக்குக்கும் வாய்க்கும் நேராகக் கொண்டுபோகிறார்கள். கவராலும் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே பட்ட கஷ்டமெல்லாம் அந்த ஒரு நொடியில் பயனில்லாமல் போகிறது.

புழுக்கம் எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். உள்ளே போவதற்கு முன்பே நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வியர்வையில் கவரால் ஊறிப்போனால் உடனே மாற்றக் கேளுங்கள். நனைந்த துணி வழியாக வெளியில் இருப்பது தோலுக்கு இறங்கிவிடும். வாயில் பாக்கு, புகையிலை எதையும் அடக்கிக்கொண்டு போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழக்கத்தில் பலரும் செய்கிறார்கள். கையில் கட்டிய சாமிக் கயிறையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. கயிற்றில் ஒட்டினால் கழுவி எடுப்பது கஷ்டம், வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கையில் காயம் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கழற்றி முடித்ததும் சோதனை. கையில் பிடிக்கும் கருவி என்றால், அதைத் தூக்குவதற்கு முன் இரண்டு கைகளையும் அதற்கு எதிரே காட்டிப் பாருங்கள். கையில் இருந்தால் கருவியையும் கெடுத்துவிடுவீர்கள். பிறகு உடம்பிலிருந்து 1 செ.மீ. தூரத்தில், நொடிக்கு 5 செ.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் மெதுவாக நகர்த்த வேண்டும். முகம், கழுத்து, முழங்கை, முட்டி, பின்பக்கம், பாதம் என்று முழு உடம்பையும் பார்க்க இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். பத்து நொடியில் மேலும் கீழும் வீசிவிட்டுப் போவது சோதனை ஆகாது.

தோலில் ஏதாவது காட்டினால் கலவரப்பட வேண்டாம். ஹெல்த் பிசிக்ஸ் ஆட்களை, அதாவது நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவினரைக் கூப்பிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் சாதாரண சோப்பும் பெரும்பாலும் போதும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். பிரஷ்ஷோ பீர்க்கங்காய் நாரோ வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். தோல் உரிந்தால் ஒட்டியிருப்பது உள்ளே போக வழி கிடைக்கும்.

அன்றைக்கு அலறிய மானிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை ஏமாற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காற்றில் இயற்கையாகவே ரேடான் என்ற வாயு உண்டு. காற்றோட்டமில்லாத கான்கிரீட் அறைகளில் அது சேரும். அதிலிருந்து பிறக்கும் துகள்கள் பாலியஸ்டர் மாதிரித் துணிகளில் ஒட்டிக்கொண்டு மானிட்டரை அலறவைக்கும். அவை அரை மணிக்கொருமுறை ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பது சரியான முறைதான். கோபால்ட் ஒட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் அது குறைந்திருக்காது, மானிட்டர் இரண்டாவது முறையும் அலறியிருக்கும். ஆனால் அவர்கள் இதை உங்களுக்கு நான்கு வார்த்தையில் விளக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது தவறுதான். இனி மானிட்டர் அடித்தால், என்ன அளவு காட்டியது, பதிவு செய்தீர்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பேட்ஜை எப்போது கழற்றுவது?

நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உங்களிடம் இரண்டு வகை இருக்கும். ஒன்று டி.எல்.டி. பேட்ஜ். அது பட்டதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஆய்வகத்தில் சூடாக்கிப் பார்க்கும்போது சொல்லும். இன்னொன்று அப்போதைக்கப்போதே அளவைக் காட்டும் டோசிமீட்டர். இரண்டையும் மார்பு உயரத்தில் மாட்டியிருப்பீர்கள்.

எப்போது கழற்றுவது என்பது எங்கே மாட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. கவராலுக்கு வெளியே, பாலிதீன் உறைக்குள் வைத்து மாட்டியிருந்தால், வெளிக் கையுறையைக் கழற்றிய பிறகு, கவராலைக் கழற்றுவதற்கு முன் எடுக்க வேண்டும். உறையின் வாயைத் திறந்து, உறை தட்டில் படாமல் பேட்ஜை மட்டும் சுத்தமான தட்டில் நழுவவிட வேண்டும். உறை குப்பைக்குப் போகும். கவராலுக்கு உள்ளே மாட்டியிருந்தால் கவரால் கழன்ற பிறகு எடுத்தால் போதும். எப்படியானாலும் பேட்ஜையும் சோதித்த பிறகுதான் ரேக்கில் வைக்க வேண்டும். பேட்ஜிலேயே தூசு ஒட்டியிருந்தால் அது ராத்திரியெல்லாம் ரேக்கில் இருந்து பொய்க் கணக்கு ஏற்றும், பக்கத்தில் இருக்கும் பேட்ஜையும் கெடுக்கும். அவசரத்தில் கவராலோடு சேர்த்துச் சலவைக்குப் போட்டுவிட்டால் அந்த மாதத்துக் கணக்கு அதோடு போயிற்று.

டோசிமீட்டர் அலாரம் அடித்தால் "மெஷின் கோளாறு" என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், விபத்துக்குப் பிறகு, 2011 மார்ச் 24 அன்று மூன்று தொழிலாளர்கள் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரில் நின்று கேபிள் வேலை செய்தார்கள். அலாரம் அடித்தது. கருவிதான் கெட்டிருக்கும் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். மூவருக்கும் 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் டோஸ் ஏறியது. தண்ணீரில் நனைந்த கால்களோடு இரண்டு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த மூன்று நாள்கள்

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஒரு மனிதருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. ஆக, போன ஷட்டவுனின் 2.1 என்ற கணக்கைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பேட்ஜ் போடாத மூன்று நாளும், கூட இருந்தவரின் கணக்கை வைத்துப் பார்த்தால் மொத்தம் 1.2 மில்லிசீவர்ட் வரும். அதுவும் ஆபத்தான அளவு இல்லை.

ஆனால் நான் "கூட இருந்தவரின் கணக்கை வைத்து" என்று சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். வால்வுக்கு ஓரடி தூரத்தில் நின்றவருக்கும் நாலடி தூரத்தில் நின்றவருக்கும் டோஸ் பல மடங்கு வித்தியாசப்படும். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத்தான் ரேக்கில் விட்டுவிட்டுப் போனீர்கள். 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையில், குறைந்த கதிரியக்கத் திரவம் இருக்க வேண்டிய இடத்தில் வால்வுப் பழுதால் மிக அதிகக் கதிரியக்கத் திரவம் வந்துவிட்டது. அங்கே எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. வழக்கமான வேலை என்று நினைத்து உள்ளே போன 6 பேர் வரம்புக்கு மிக அதிகமான டோஸ் வாங்கினார்கள். "தினம் போற இடம்தான், ஒண்ணும் ஆகாது" என்பது ஒரு பழுதான வால்வு வரும்வரைக்கும்தான் உண்மை. அப்படி ஒருநாள் உங்களுக்கு வந்து, பேட்ஜ் ரேக்கில் இருந்தால், உங்களுக்கு என்ன சிகிச்சை தேவை என்றுகூட யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. குரோமோசோம் பரிசோதனை என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போனால்தான் எதையாவது காட்டும்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். பேட்ஜ் குறைவாகக் காட்டினால் எல்லாமே பத்திரம் என்று அர்த்தமில்லை. உங்களுடையது கனநீர் உலையா (ஹைட்ரஜனின் கனமான வகை கொண்ட நீரைப் பயன்படுத்தும் உலையா) என்று நீங்கள் எழுதவில்லை. கனநீர் உலைகளில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் உண்டு. அதன் கதிர் மிகவும் வலுவற்றது, தோலையே தாண்டாது, பேட்ஜுக்கும் எட்டாது. ஆனால் மூச்சிலும் தோல் வழியாகவும் தண்ணீரோடு தண்ணீராக உடம்புக்குள் போய்விடும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுதான் அதைக் காட்டும். 2009 நவம்பரில் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் குளிரூட்டியில் யாரோ டிரிட்டியம் கலந்த கனநீரைக் கலந்துவிட்டபோது, 50-க்கும் மேற்பட்டோர் அதைக் குடித்திருந்தது வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. உடம்பில் போன டிரிட்டியம் சுமார் பத்து நாளில் பாதியாக வெளியேறும். ஆகையால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் எவ்வளவு உள்ளே போனது என்பதே மங்கிவிடும். ஷிஃப்ட் முடிந்து பஸ் போய்விடும் என்று சாம்பிள் கொடுக்காமல் ஓடாதீர்கள்.

மேஸ்திரியிடம் என்ன சொல்வது?

டோஸ் ஏறினால் வேலை போகும் என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபுகுஷிமாவிலும் இதேதான் நடந்தது. 2011 டிசம்பரில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனம், தொழிலாளர்கள் டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று சொன்னது. காரணமும் அதேதான், வரம்பு நிறைந்தால் ஆள் கிடைக்காது. அடுத்த வருடம் தொழிலாளர்கள் வெளியே சொன்னதால்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது.

உங்கள் கணக்குப்படி நீங்கள் சட்ட வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. நிலையங்கள் ஒவ்வொரு வேலைக்கும் நாளுக்கும் அதைவிடக் குறைந்த உள் வரம்புகள் வைத்திருக்கும். மேஸ்திரி கையாள்வது அதைத்தான் என்று நினைக்கிறேன். உள் வரம்பு நெருங்கினால் உங்களை டோஸ் குறைந்த வேலைக்கு மாற்றி, வேறு ஆளை அனுப்ப வேண்டும். அது அவருக்குத் தொந்தரவு. அந்தத் தொந்தரவை உங்கள் உடம்பின் மேல் இறக்கி வைக்கிறார்.

உங்களுக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, யாரையும் காட்டிக்கொடுக்காமல் பேட்ஜைப் போட்டுக்கொண்டே போவது. "அண்ணே, பேட்ஜ் இல்லாம போய் ஹெல்த் பிசிக்ஸ்ல மாட்டினா உங்களுக்கும்தான் பிரச்சினை" என்று சொல்லிப் பாருங்கள். பல மேஸ்திரிகளுக்கு அதுவே போதும். நாளையிலிருந்தே செய்யலாம். ஆனால் போன மூன்று நாள் கணக்கு இதில் சரியாகாது.

இரண்டாவது, ஹெல்த் பிசிக்ஸ் பிரிவிலோ கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரிடமோ நேரில் போய் அந்த மூன்று நாள் விவரத்தைச் சொல்வது. எந்த வேலை, எத்தனை நிமிடம், எங்கே நின்றீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். வேலை அனுமதிச் சீட்டையும் அந்த இடத்தில் எடுத்த அளவீடுகளையும் வைத்து அவர்கள் உங்கள் டோஸைக் கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். நான் உங்களிடம் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன், பேச்சு மேஸ்திரி காதுக்குப் போகலாம். இன்னொன்றும் இருக்கிறது. கொடுத்த கருவியை அணிந்துகொள்வது விதிப்படி தொழிலாளரின் கடமையும்கூட. ஆகவே "அவர் சொன்னார், நான் செய்தேன்" என்பது உங்களை முழுவதும் காப்பாற்றாது. நீங்களாகவே முன்வந்து சொன்னால் உங்கள் நிலை பலப்படும். இதே மாதிரி பேட்ஜ் வைத்துவிட்டுப் போன இரண்டு மூன்று பேராவது சேர்ந்து போனால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயமும் குறையும். வெளியேறும் இடத்து நெரிசலையும் அங்கேயே சொல்லுங்கள். பத்து பேர் ஒரே நேரத்தில் கழற்ற முடியாது. நேரம் மாற்றி வரவிடுவதும், கோட்டுக்கு அருகே ஒருவரை நிறுத்தி வரிசையைச் சொல்ல வைப்பதும் அவர்கள் நினைத்தால் அன்றைக்கே செய்யக்கூடியவை.

மூன்றாவது, நிலையத்துக்குள் யாரும் காது கொடுக்கவில்லை என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுவது. தலைமையகம் மும்பையில் இருக்கிறது, தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. பேட்ஜ் இல்லாமல் ஆட்களை அனுப்புவது அவர்கள் விசாரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் இதை முதல் படியாக எடுக்காதீர்கள். தேதி, இடம், வேலை எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு, உள்ளே சொல்லிப் பார்த்த பிறகு எடுங்கள்.

வீட்டில்

மனைவியிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மானிட்டரில் சுத்தமாக வந்து, நிலையத்து உடையை அங்கேயே விட்டுவிட்டு உங்கள் சட்டையில் வீடு திரும்பினால், குழந்தையைத் தூக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. துணியைத் தனியாகத் துவைக்கவும் தேவையில்லை. வேலை அழுக்குக்கு ஒரு முறை குளித்தால் போதும். அவர் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஹிரோஷிமா, நாகசாகியில் உங்களைவிடப் பல மடங்கு டோஸ் வாங்கியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்தும், பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் கோளாறு கூடியதாகக் கண்டறியப்படவில்லை. அவர் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையிலும் ஸ்கேன் தேதியிலும் கவனமாக இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு காகித வேலை. அணுசக்தி (கதிரியக்கப் பாதுகாப்பு) விதிகள், 2004-ன்படி உங்கள் டோஸ் பதிவையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் வருடத்துக்கு ஒருமுறையும், நீங்கள் கேட்கும்போதும், வேலையை விட்டுப் போகும்போதும் வேலை கொடுப்பவர் தர வேண்டும். ஷட்டவுன் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் சம்பளத்தோடு அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த மூன்று நாள் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கான்ட்ராக்டரிடம் நகலைக் கொடுங்கள், மூலத்தை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.